நத்தைக்கு எமன் ஒரு ஈ



ஈ என்றால் நமக்கு விரட்டத்தான் தெரியும். சோற்றுத் தட்டில் உட்கார்ந்தால் கையை வீசுகிறோம். மாட்டுப் புண்ணில் மொய்த்தால் வேப்பெண்ணெய் தடவுகிறோம். மாம்பழத்தைப் பிளந்தால் உள்ளே நெளியும் புழு, அதுவும் ஒரு ஈயின் பிள்ளைதான். இப்படிப்பட்ட ஜாதியைப் பற்றி நல்ல வார்த்தை நாலு சொல்லப் போகிறேன் என்றால், இவருக்கு வேற சோலி இல்லையா என்று நீங்க கேட்கலாம். கொஞ்சம் பொறுங்க. கதை ஈயில் ஆரம்பிக்கவில்லை. மாட்டு மூக்கில் ஆரம்பிக்கிறது.

ஆனைக்குட்டம் பக்கம் வந்திருக்கிறீர்களா? சிவகாசிக்கும் விருதுநகருக்கும் நடுவே, அர்ச்சுனா நதியை மறித்துக் கட்டிய அணை. சுற்றிலும் கரிசல். மழையை நம்பிக் கம்பும் சோளமும் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற பூமி. வீட்டுக்கு ஒருத்தராவது தீப்பெட்டி ஆபீசுக்கோ பட்டாசு ஆபீசுக்கோ போய் வருவார்கள். அப்படிப் போகிற வீட்டிலும் கொல்லையில் நாலு வெள்ளாடு கட்டிக் கிடக்கும். ஆபீஸ் கூலி வாரச் செலவுக்கு. ஆடு, கல்யாணம் காட்சிக்கும் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கும். அந்த ஆடும், கறவை மாடும், ஐப்பசி கார்த்திகையில் கண்மாய் பெருகினால் எங்கே போய்த் தண்ணீர் குடிக்கும்? கரையோரம், கோரை முளைத்த சேற்றில் இறங்கித்தான் குடிக்கும். நோய் காத்திருக்கிற இடமும் அதேதான்.

சில மாடுகள் கொர் கொர் என்று குறட்டை விட்டுக்கொண்டு மூச்சு வாங்குவதைப் பார்த்திருப்பீங்க. மூக்கில் சளி ஒழுகும், சில சமயம் ரத்தம் கலந்து வரும். மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தால் காலிபிளவர் பூ மாதிரி சதை வளர்ந்திருக்கும். உழவு மாடாக இருந்தால் ஏர் இழுக்காது. பாதி வழியில் நின்றுவிடும். நம் சென்னை ராஜதானியில் இது ரொம்ப காலமாக இருந்த சங்கடம். சளி என்றும் சதைக்கட்டி என்றும் பல பேர் வைத்து, பல வைத்தியம் பார்த்தார்கள். இமயமலைப் பகுதியில் முக்தேசரில் இருந்த கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் தத்தா என்பவர் 1932-ல் இந்தக் கட்டிக்குக் காரணம் ரத்தக் குழாயில் வாழும் ஒரு புழு என்று காட்டினார். அடுத்த ஆண்டே, 1933-ல், எம். அனந்தநாராயண ராவ் அதற்குத் தனிப் பெயர் கொடுத்தார்: சிஸ்டோசோமா நாஸாலே. நாஸாலே என்றால் மூக்குக்கு உரியது. 1934-ல் சென்னை ராஜதானியில் இந்த நோய் எப்படி இருக்கிறது என்று விரிவாகவும் எழுதி வைத்தார். உலகப் புழு சாஸ்திரத்தில் நம்ம ஊர் மாட்டு மூக்கு இடம்பிடித்தது இப்படித்தான். பெருமைப்படுகிற விஷயமா என்று கேட்காதீங்க, கண்டுபிடித்தது பெருமைதான்.

புழு மூக்கின் ரத்தக் குழாயில் குடியிருக்கிறது. முட்டை சளியோடு வெளியே வருகிறது. மாடு தண்ணீர் குடிக்கக் குனியும்போது சளி கண்மாயில் விழுகிறது. முட்டை பொரிந்து வரும் குஞ்சுக்கு நேரே இன்னொரு மாட்டுக்குள் போகத் தெரியாது. நடுவில் ஒரு சத்திரம் வேண்டும். அந்தச் சத்திரம்தான் நத்தை. நத்தை என்றால் நீங்க வயலில் பொறுக்கிக் கறி வைக்கிற பெரிய நத்தை இல்லை. இது தட்டையாக, வடம் சுற்றி வைத்தது போல, பழுப்பு நிறத்தில் பாசியோடு ஒட்டிக் கிடக்கும். இண்டோபிளானார்பிஸ் என்பது சாஸ்திரப் பெயர். நாம் தட்டை நத்தை என்று வைத்துக்கொள்வோம். அதன் வயிற்றில் ஒரு குஞ்சு பல நூறாகப் பெருகி, வெயில் ஏறியதும் தண்ணீரில் நீந்தி வந்து, நிற்கிற மாட்டின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. எருமைக்கும் வரும், ஆனால் எருமை பெரும்பாலும் வெளியே காட்டாது. குறட்டையும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனாலும் கண்மாயில் முட்டை போட்டுக்கொண்டே இருக்கும்.

இதே தட்டை நத்தை இன்னொரு புழுவையும் சுமக்கிறது. அது மாட்டின் குடல் ரத்தக் குழாயில் வாழும் வகை. அதன் வழியை 1918-லேயே பம்பாயில் லிஸ்டன், சோபார்க்கர் என்ற இருவர் துப்புத் துலக்கிவிட்டார்கள். கண்மாயில் குளித்துவிட்டு வந்த பிள்ளைகள் காலைச் சொறிந்துகொண்டு நிற்பதும், நாற்று நட்ட பெண்களுக்குக் கணுக்காலில் தடிப்புத் தடிப்பாக வருவதும், பல சமயம் இந்தக் குஞ்சுகள் ஆள் தெரியாமல் மனிதத் தோலைத் துளைத்துப் பார்ப்பதால்தான். மாட்டுக்கு வந்த கடிதம் நம் வீட்டு வாசலில் விழுந்த மாதிரி. உள்ளே போய் வளர முடியாமல் செத்துவிடும்; அரிப்பு மட்டும் மிச்சம்.

அடுத்தது ஈரல் தட்டைப்புழு. ஆட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தாடைக்குக் கீழே பை மாதிரி நீர் கோத்துத் தொங்கும், கண் வெளுக்கும், ஆடு எலும்பும் தோலுமாகும், ஒரு நாள் காலையில் பார்த்தால் விறைத்துக் கிடக்கும். இங்கிலாந்தில் 1879, 1880 ஆண்டுகளில் மழை கொட்டியபோது சுமார் 30 லட்சம் செம்மறிகள் இந்தப் புழுவால் மாண்டன. அந்த அடி விழுந்த பிறகுதான் ஆக்ஸ்போர்டில் தாமஸ் என்ற இளைஞரும், ஜெர்மனியில் லைப்ஸிக் நகரத்தில் லாய்க்கார்ட் என்ற பேராசிரியரும், ஒருவருக்கொருவர் தொடர்பில்லாமல் தேடி, ஒரு சிறு நத்தையின் வயிற்றில் போய் நின்றார்கள். நம் நாட்டில் அந்த வேலையைச் செய்வது லிம்னியா என்ற நத்தை. மெல்லிய ஓடு, வாய் அகலம், பார்த்தால் ஒரு சின்னக் காது மடல் போல இருக்கும்.

ஆக, எந்தப் பக்கம் திரும்பினாலும் நத்தை. நத்தையை ஒழித்தால் பாதி வைத்தியம் முடிந்தது என்று உலகம் முழுவதும் நினைத்தார்கள். எடுத்த முதல் ஆயுதம் மயில்துத்தம். தண்ணீரில் கரைத்து விட்டால் நத்தை சாகும், உண்மை. கூடவே மீன் சாகும், மீன் குஞ்சு சாகும், பாசி சாகும். செம்மறிக்குத் தாமிரம் கொஞ்சம் கூடினாலும் ஈரல் கெட்டுப்போகும். ஈரல் புழுவுக்குப் பயந்து ஈரலையே கெடுத்துக்கொண்ட கதை. மழை வந்து கண்மாய் மறுகால் போனால், போட்ட மருந்தும் கலிங்கு வழியாகப் போய்விடும். சேற்றுக்குள் புதைந்து தப்பித்த நத்தை மறுபடி முட்டை வைக்கும்.

இப்போது நம்ம ஈக்கு வருவோம்.

அடுத்த தடவை கண்மாய் ஓரம் போகும்போது, காலை வெயில் உறைக்கிறதுக்கு முன்னால், தண்ணீரில் நிற்கிற கோரைத்தண்டையும் சம்பையும் உற்றுப் பாருங்க. ஒரு நெல்மணி நீளத்தில், ஒடிசலான ஒரு ஈ, தலைகீழாக உட்கார்ந்திருக்கும். தலை தண்ணீரைப் பார்த்திருக்கும். மற்ற ஈக்கு உணர்கொம்பு மூஞ்சியோடு ஒட்டிச் சின்னதாக இருக்கும். இதற்கு அப்படியில்லை, இரண்டு கொம்பும் மாட்டுக்கொம்பு போல முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். பின்னங்கால் நீளம், தொடை தடித்து, வெட்டுக்கிளியின் காலை ஞாபகப்படுத்தும். தொடையின் அடியில் சின்னச் சின்ன முள் இருக்கும். இறக்கை உடம்பைத் தாண்டி நீண்டு, லேசாகப் புகை படிந்தது போலத் தெரியும். கை நீட்டினால் பறந்து ஓடாது. விருட்டென்று எழும்பி, பக்கத்துத் தண்டிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். கடிக்காது, சோற்றுக்கு வராது, பயிரைத் தொடாது. பனித்துளி, பூந்தேன், செத்த நத்தையின் சாறு, இவைதான் அதன் சாப்பாடு.

செபெடான் என்பது இந்தக் குடும்பத்தில் ஒரு கிளை. 1804-ல் பிரான்சு நாட்டு லத்ரேய் வைத்த பெயர். ஆசியாவில் அதில் பல இனங்கள் உண்டு. ஒன்றுக்கு பெருஜினோசா என்று பெயர். துருப்பிடித்த நிறம் என்று அர்த்தம். இன்னொன்று பிளம்பெல்லா, ஈயம் போலக் கருநீலமாக மங்கி இருப்பதால். ஈ என்ற பூச்சிக்கு ஈயத்தின் பெயர் வைத்தது தமிழ் தெரிந்து செய்த வேலை இல்லை, தற்செயல். வைத்தவர் வீடெமன் என்ற ஜெர்மானியர். கீல் நகரத்தில் பிரசவ வைத்தியம் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் அவர். பகலில் பிள்ளைப்பேறு, ராத்திரியில் ஈ. உலகத்தின் மூலைமுடுக்கிலிருந்து வந்த ஈக்களைப் பார்த்துப் பார்த்து எழுதிய அவருடைய பெரிய நூல் 1828-லும் 1830-லும் இரண்டு பாகமாக வந்தது. நம்ம தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் இருந்த காலத்தில், டால்டார்ப் என்ற லெப்டினன்ட் பூச்சி பிடித்துக் கோபன்ஹேகனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பனையேறிக் கெண்டை பனைமரத்தில் ஏறியதைப் பார்த்ததாக 1797-ல் எழுதி வெளியிட்டாரே, அதே டால்டார்ப்தான். தரங்கம்பாடி ஈக்கள் சிலவும் வீடெமன் கையில் பெயர் பெற்றவை.

பெயர் வைத்தார்கள், குத்தூசியில் குத்திப் பெட்டியில் வைத்தார்கள். ஆனால் இந்த ஈயின் பிள்ளை எங்கே வளர்கிறது, என்ன தின்கிறது என்று மட்டும் பல காலம் யாரும் கேட்கவில்லை. பிரான்சில் பெர்ரிஸ் என்பவர் 1850-ல் ஒரு நத்தை ஓட்டுக்குள் இந்தக் குடும்பத்துப் புழு ஒன்றைப் பார்த்து எழுதினார். செத்த நத்தையைத் தின்ன வந்ததோ, உயிரோடு இருந்ததைத் தின்றதோ என்று பேச்சு அதோடு நின்றுபோனது. நூறு வருஷம் கழித்து, அலாஸ்காவின் குளிர்ந்த சதுப்பில், கிளிஃபர்ட் பெர்க் என்ற அமெரிக்கர் குட்டையில் மிதந்த புழுக்களை எடுத்து வளர்த்துப் பார்த்தார். நத்தையைப் பக்கத்தில் விட்டார். புழு நத்தையைக் கொன்றது. இன்னொன்றை விட்டார்; அதையும் கொன்றது. தற்செயல் இல்லை, இதுதான் அதன் தொழில். 1953-ல் அச்சில் வந்தது அந்தச் செய்தி. கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவரும் அவரிடம் படித்தவர்களும் அதற்குப் பிறகு ஒரு தலைமுறைக்கு இதே வேலையாக இருந்தார்கள். இந்தக் குடும்பத்தில் 500-க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. வாழ்க்கை தெரிந்த இனங்களில் அநேகமாக எல்லாமே நத்தையையோ அதன் உறவுக்காரர்களையோ நம்பிப் பிழைப்பவை.

அது கொல்லுகிற விதத்தைச் சொல்கிறேன். தாய் ஈ, தண்ணீருக்கு மேலே நிற்கிற தண்டில் வெள்ளை முட்டைகளை வரிசையாக, பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைக்கும். நம்ம வெயிலுக்கு மூன்று நாலு நாளில் பொரியும். புழு தண்ணீரில் விழும். முழுகாது. வாயால் காற்றைக் குடித்து வயிற்றில் ஒரு குமிழி வைத்துக்கொள்ளும். வால் நுனியில் தண்ணீர் ஒட்டாத மயிர் வட்டமாக விரிந்து, மேல்பரப்பில் பிடித்துக்கொள்ளும். அங்கேதான் மூச்சுத் துவாரம். கருத்த சிறு அட்டை ஒன்று தலைகீழாகத் தொங்குவது போல இருக்கும். நத்தை காற்றுக்காக மேலே வரும்போது, வாயில் உள்ள கொக்கியால் சதையைப் பிடித்துக்கொள்ளும். நத்தை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டாலும் விடாது. கூடவே உள்ளே போகும். சிறு நத்தை என்றால் சீக்கிரம் முடிந்தது. தின்றபின் மிச்சத்தை விட்டுவிட்டு அடுத்ததைத் தேடும். வளர்ந்து முடிவதற்குள் ஒரு புழு பத்து, இருபது நத்தைக்குக் கணக்கு முடித்துவிடும். பிறகு புழு கூட்டுப்புழுவாகி, வால்பக்கம் வளைந்த சின்னத் தோணி போல மிதக்கும். ஒரு வாரத்தில் ஈ வெளியே வரும். முட்டையிலிருந்து ஈ வரை ஏறக்குறைய ஒரு மாதம், வெயில் நன்றாக இருந்தால் அதற்கும் குறைவு.

ஒரு சந்தேகம் வரும். நாம் கறி வைக்கிற பெரிய நத்தையையும், வாத்து தின்கிற நத்தையையும் இது ஒழித்துவிடாதா? அதற்குப் பயப்பட வேண்டாம். அந்த நத்தைக்கு வாசலில் ஒரு கதவு இருக்கிறது, மூடிக்கொள்ளும். தட்டை நத்தைக்கும் காது நத்தைக்கும் கதவு கிடையாது. செபெடான் புழு கை வைப்பது கதவில்லாத வீட்டில்தான். நோயைச் சுமக்கிறதும் அந்த வீடுகள்தான்.

பெர்க் சொன்னதைக் கேட்டு முதலில் காரியத்தில் இறங்கியது ஹவாய்த் தீவு. அங்கே மாட்டுக்கு ஈரல் புழு பெரும் தொல்லை. நடு அமெரிக்காவின் நிகராகுவாவிலிருந்து ஒரு செபெடானை 1958-ல் கொண்டுபோய் விட்டார்கள். 1960-களில் ஜப்பானிலிருந்து இன்னொன்று. ஈ நிலைத்தது, பரவியது, நத்தையைத் தின்றது. ஆனால் நத்தை அடியோடு ஒழிந்துவிடவில்லை. தின்பது எப்போதும் தின்னப்படுவதற்குப் பின்னால்தான் பெருகும். அது நியாயம்தானே, இரை தீர்ந்தால் அதுவும் தீரும்.

அதே ஹவாயில் இன்னொரு கதையும் நடந்தது. ஆப்பிரிக்கப் பெருநத்தையைக் கொல்ல, நத்தை தின்னும் ஒரு நத்தையை 1955-ல் கொண்டுவந்து விட்டார்கள். அது பெருநத்தையை விட்டுவிட்டு, ஊருக்கே உரிய அழகான மரநத்தைகளைத் தின்ன ஆரம்பித்தது. மூரியா என்ற பசிபிக் தீவில் 1977-ல் அதே தவறைச் செய்தார்கள். பத்தே வருஷத்தில் அந்தத் தீவுக்கே சொந்தமான பார்டுலா நத்தைகள் காட்டில் அநேகமாக ஒழிந்தே போயின. எங்கேயோ இருப்பதைக் கொண்டுவந்து விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வரும். ஆப்பிரிக்கப் பெருநத்தையே நம் நாட்டுக்கு வந்ததும் அப்படித்தான். 1847-ல் பென்சன் என்ற சிப்பி சேகரிப்பாளர் கல்கத்தாத் தோட்டத்தில் ஆசைக்கு விட்டது. இன்று எத்தனை மாநிலத்தில் முருங்கையையும் வாழையையும் மொட்டையடிக்கிறது, பாருங்க.

இதை ஆனைக்குட்டம் பக்கத்து ஆட்டுக்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு அண்ணாச்சி கேட்டார்: "சார், இந்த ஈயை எங்கே விக்கிறாங்க? டப்பா என்ன விலை?" நான் சொன்னேன், "அண்ணாச்சி, விலைக்கு வாங்க வேண்டியதில்லை. ஆசியச் சதுப்பிலும் நெல் வயலிலும் காலங்காலமாக இருக்கிற குடும்பம் இது. நாம கொல்லாம இருந்தாப் போதும்."

நாம் எப்படிக் கொல்கிறோம் என்றால், பருத்திக்கு மருந்தடித்த கைத்தெளிப்பானைக் கண்மாய் மடையில் கொண்டுபோய்க் கழுவுகிறோம். காலி மருந்து டப்பாவை அங்கேயே வீசிவிட்டு வருகிறோம். அந்த மருந்துக்கு காய்ப்புழு எது, நத்தைக்கொல்லி ஈ எது என்று தெரியாது. ஈ செத்துப்போகும், சேற்றில் புதைந்த நத்தை தப்பித்துக்கொள்ளும். கோடையில் கோரையையும் சம்பையும் கரையோடு கரையாகத் தீ வைக்கிறோம். ஈ உட்காரவும் முட்டை வைக்கவும் தண்டு வேண்டும். முழுவதும் வளர விட்டால் மடை அடைபடும், அது எனக்கும் தெரியும். மடை வாயையும் வாய்க்காலையும் சுத்தம் பண்ணுங்க. ஓரத்தில் ஒரு பட்டை கோரையை விட்டு வையுங்க.

கரிசல் காட்டுக்கென்று ஒரு சிக்கலும் இருக்கிறது. நம்ம கண்மாய் வருஷம் முழுக்க நிற்பதில்லை. பங்குனி சித்திரையில் வெடித்துப்போகும். தட்டை நத்தை சேற்றுக்குள் போய்ப் பல வாரம் உறங்கத் தெரிந்தது. மழை பெய்ததும் எழுந்துவிடும். ஈயின் புழுவுக்கு அந்த வித்தை தெரியாது. அதனால் மழை பெய்த முதல் சில வாரத்தில் நத்தை முந்திக்கொள்ளும், ஈ பின்தங்கும். அணையின் ஓரத்திலோ ஊற்றிலோ எங்கே தண்ணீர் வற்றாமல் நிற்கிறதோ, அங்கே உயிர் பிழைத்த ஈதான் மறுபடி கண்மாய்க்கு வந்து சேர வேண்டும். அந்த இடைவெளியில்தான் நம் ஆடு மாடு சேற்றில் இறங்கி நிற்கிறது. ஆகையால், கண்மாய் பெருகிய புதிதில் கரையோரச் சேற்றில் இறக்காமல், முடிந்தவர்கள் தொட்டி கட்டித் தண்ணீர் காட்டுங்க. அடிகுழாயிலிருந்து நாலு குடம் சுமப்பது சிரமம்தான், பெண்கள் தலையில்தான் விழும், அதையும் ஒப்புக்கொள்கிறேன். அதோடு மழைக்காலம் முடிந்ததும் சாணம், சளி எடுத்துக் கால்நடை மருத்துவமனையில் காட்டி, எந்தப் புழு என்று தெரிந்து மருந்து கொடுங்க. எல்லா ஈரல் புழு மருந்தும் மூக்குப் புழுவுக்குப் பிடிக்காது. மூக்குப் புழுவுக்கு முன்பெல்லாம் ஆன்டிமனி ஊசி என்று தனியாகப் போட்டார்கள். எந்த மருந்தானாலும் டாக்டர்தான் கொடுக்க வேண்டும். அளவு கூடினால் மாட்டுக்கே ஆகாது.

இன்னொன்று சொல்ல விட்டுப்போச்சு. கரும்புக்கும் பருத்திக்கும் அட்டையில் ஒட்டி வாங்கிக் கட்டுகிறோமே டிரைக்கோகிரம்மா, முட்டை ஒட்டுண்ணி, அது செபெடான் முட்டையையும் விடுவதில்லை. ஜப்பான் நெல் வயலில் இதைப் பார்த்திருக்கிறார்கள். தண்டுப்புழு முட்டை கிடைக்காத காலத்தில் ஒட்டுண்ணிக்கு இது கஞ்சித்தொட்டி. நல்லது செய்கிற ஒன்றை நல்லது செய்கிற இன்னொன்று தின்கிறது. இதில் யார் பக்கம் சேர்வது என்று என்னைக் கேட்காதீங்க.

ஈயைப் பார்க்க ஆசைப்படுகிற பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கண்மாய்த் தண்ணீரும் நாலு தட்டை நத்தையும் போட்டு, அட்டை போல மிதக்கிற புழு அகப்பட்டால் கரண்டியால் அள்ளி அதில் விட்டுப் பாருங்க. கையை விட்டு அள்ள வேண்டாம். அரிப்பு வரும் என்று முன்னாலேயே சொன்னேன். வாயை மெல்லிய துணியால் கட்டி நிழலில் வையுங்க. ராத்திரிக்குள் ஒரு ஓடாவது காலியாகும்.